புற்றுநோய் செல் வேகமாகப் பிரிகிறதா? செல் பிரிவைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"செல்கள் அசுர வேகத்தில் பிரிவதே புற்றுநோய்." விடைத்தாளிலும் சரி, கைப்பேசியில் சுற்றும் செய்திகளிலும் சரி, இந்த வாக்கியம் வராமல் இருப்பதில்லை. தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

வேகம்தான் நோய் என்றால் நம் எலும்பு மஜ்ஜையை என்ன சொல்வது? அங்கே நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. சிறுகுடலின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பிக்கப்படுகிறது. மாறாக, ஆண்களுக்குள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுகளில் பல, வருடக்கணக்கில் மெதுவாகவே வளர்கின்றன. வித்தியாசம் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. குடலில் ஒரு செல் பிறந்தால் ஒரு செல் உதிரும், கணக்கு நேராகும். புற்றில் வரவு நிற்காது; சாக வேண்டிய செல்களும் சாவதில்லை. மெதுவாகப் பிரிந்தாலும் கூட்டம் சேர்ந்துகொண்டே போகும். கீமோதெரபியில் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் ஏன் என்று இப்போது புரியும். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத் தாக்குகின்றன. அது நல்ல செல்லா கெட்ட செல்லா என்று அவை பார்ப்பதில்லை.

நல்ல செல் எப்போது நிற்கிறது என்பதைத்தான் உண்மையில் படிக்க வேண்டும். வளரச் சொல்லி வெளியிலிருந்து சமிக்ஞை வரும்வரை அது காத்திருக்கும். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். ஒரே அடுக்காகப் பரவும். புற்றுச் செல்லோ ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியும். இன்னொரு வரம்பும் உண்டு. மனித செல்கள் ஆய்வகத்தில் சுமார் 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று 1961-இல் உயிரியலாளர் ஹேஃப்ளிக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியான டெலோமியர் தேய்வதுதான் காரணம். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம், டெலோமெரேஸ் என்ற நொதியை மறுபடி உயிர்ப்பித்து அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டிக்கொள்கின்றன. 1951-இல் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றுவரை ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருப்பது இப்படித்தான்.

செல் பிரியும்போது 46 குரோமோசோம்கள் 23 ஆகும் என்று எழுதுபவர்களும் உண்டு. அது விந்தும் முட்டையும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பு. தோலிலும் குடலிலும் நடப்பது மைட்டாசிஸ். அதில் 46, 46 ஆகவே இருக்கும், ஏனென்றால் டிஎன்ஏ அதற்கு முன்பே நகலெடுக்கப்பட்டுவிடுகிறது. செல்லின் 24 மணி நேரச் சுழற்சியில், நுண்ணோக்கியில் தெரியும் பிரிவுக்கு ஆவது ஒரு மணி நேரம்தான். மீதி எல்லாம் வளர்வதும், நகலெடுப்பதும், நகலைச் சரிபார்ப்பதும். புற்றுத் திசுவில் பலமுறை இந்தச் சரிபார்ப்பே கெட்டிருக்கும். மேலே சொன்ன ஹீலா செல்களில் பெரும்பாலும் 70-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன.

சரி, மரபணுக்களுக்கு வருவோம். "அவருக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறதாம்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டும். மார்பகப் புற்றோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ1 மரபணு உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அறுந்த டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது அதன் வேலை. அந்த மரபணு இருப்பதில் வம்பில்லை, அதன் பழுதான பிரதி பெற்றோரிடமிருந்து வந்தால்தான் வம்பு. (தாயிடமிருந்து மட்டும் என்று நினைக்காதீர்கள், தந்தையிடமிருந்தும் வரும்.) இந்தக் குழப்பத்தில் விஞ்ஞானிகளும் விழுந்திருக்கிறார்கள். 1979-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி53 என்ற புரதம், புற்றுநோயைத் தூண்டுவது என்றே பத்து வருடம் நம்பப்பட்டது. 1989 வாக்கில்தான் அது காவல்காரன் என்று தெளிவானது. டிஎன்ஏ சேதமானால் பிரிவை நிறுத்தும், சேதம் பெரிதானால் செல்லையே சாகச் சொல்லும் புரதம் அது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதைத் தயாரிக்கும் மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

மரபணு நோய் என்றாலே பரம்பரை நோய் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. புற்றுநோய் எல்லாமே மரபணுக்களின் கோளாறுதான், ஆனால் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவற்றில் மாற்றங்கள் வாழ்நாளில், உடலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்படுகின்றன. அவை பிள்ளைகளுக்குப் போகாது. ஒரே மாற்றம் பொதுவாகப் போதவும் போதாது. குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவை ஆராய்ந்த நுட்சன், இரண்டு அடி விழ வேண்டும், அதாவது ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் கெட வேண்டும் என்று 1971-இல் சொன்னார். முதல் அடியோடு பிறக்கும் குழந்தைக்கு நோய் சீக்கிரமாகவும், பல நேரம் இரு கண்களிலும் வருவது அதனால்தான்.

கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல என்பதையும், ரத்தப் புற்றுநோயில் கட்டி இல்லாமலே போகலாம் என்பதையும் அநேகமாக எல்லோரும் அறிவார்கள். அப்புறம், செல்கள் அதிகமிருந்தால் பிரிவும் அதிகம், புற்றும் அதிகம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு யானை ஒரு நல்ல பாடம். அவ்வளவு பெரிய உடம்பில் அந்த அளவுக்குப் புற்றுநோய் வருவதில்லை. யானையின் செல்களில் பி53 மரபணுவின் பிரதிகள் சுமார் 20 ஜோடி இருப்பதாக 2015-இல் தெரியவந்தது. நம்மிடம் இருப்பது ஒரே ஜோடி.