சூட்டில் வேலை: முதல் வாரம்தான் கண்டம்
சூட்டில் சுருண்டு விழுபவர்களில் பலர் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், இல்லையென்றால் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்கள். உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதனால் புதியவருக்கு முதல் நாள் வழக்கமான சூட்டு வேலையில் 20 சதவீதம் மட்டும் கொடுங்கள். பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம். திரும்பி வந்த பழைய ஆளுக்கு 50, 60, 80, 100 என்று நான்கு நாளில் ஏற்றினால் போதும்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி தண்ணீர். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். கேன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் யாரும் எழுந்துபோய்க் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை தூரமாக இருந்தாலும் இதே கதைதான்.

காற்று 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். அது அனலைத்தான் உடம்பில் அடிக்கும்.

பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி, மேல்சட்டையைக் கழற்றி, ஐஸ் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.