கைக்குழந்தையோடு ஏர்போர்ட் வரிசை: எங்கே முன்னால் போகலாம், எங்கே வேண்டாம்

வரிசையைத் தாண்டுவது கைக்குழந்தை வைத்திருப்பவரின் சட்ட உரிமை அல்ல, கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் சலுகை. கூச்சப்படாமல் கேளுங்கள். வரிசையில் நிற்பவர்களிடம் அல்ல, வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் ஊழியரிடம்: "கைக்குழந்தை இருக்கு, முன்னாடி விடுவீங்களா?" அவர் அனுப்பினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

செக்-இன் கவுண்டரில் இரண்டு வயது ஆகவில்லை என்பதற்கான சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கைப்பையின் மேலேயே இருக்கட்டும்.

உண்மையில் நேரம் போவது பாதுகாப்புச் சோதனையில்தான். இந்திய விமான நிலையங்களில் பெண்களுக்குத் திரை மறைவில் தனிச் சோதனை என்பதால் தம்பதி பிரிய நேரும். குழந்தை யாரிடம் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். உடலோடு கட்டிக்கொள்ளும் கேரியரில் குழந்தை இருந்தால் வெளியே எடுக்கச் சொல்வார்கள். ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டி) மடிக்கும் முன் அதன் அடிக்கூடையைக் காலி செய்யுங்கள். அங்கே மறந்துவிட்ட தண்ணீர் பாட்டில்தான் பலரைத் திரும்ப நிறுத்துகிறது. பயணத்துக்குத் தேவையான பால், குழந்தை உணவுக்கு, திரவங்களுக்கான 100 மி.லி. வரம்பிலிருந்து விலக்கு உண்டு. தனிப் பையில் வைத்து, கேட்கும் முன் நீங்களே காட்டுங்கள்.

விமானத்தில் ஏறும்போது மட்டும் இருவரும் முந்த வேண்டாம். ஒருவர் பைகளோடு முதலில் போகட்டும்; மற்றவர் குழந்தையைத் தவழவிட்டு, டயப்பர் மாற்றி, கடைசியில் ஏறலாம்.