எழுதியவர் பெயரை மறைத்து ஒரு நாவலை வாசிப்பது: வடசென்னை வாசகர் வட்டங்களுக்கு ஒரு வழிமுறை

2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதிய எழுத்தாளரின் துப்பறியும் நாவல் ஒன்று வெளிவந்தது. விமர்சகர்கள் சிலர் பாராட்டி எழுதியும், கெட்டி அட்டைப் பதிப்பு அந்நாட்டில் ஏறத்தாழ 1,500 பிரதிகள்தான் விற்றது. அதை எழுதியவர் ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியரான ஜே. கே. ரோலிங் என்று ஜூலையில் சண்டே டைம்ஸ் இதழ் வெளியிட்டதும், அதே நூல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. நூலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உண்மை தெரியுமுன் படித்தவர்களின் கருத்தையும் தெரிந்தபின் படித்தவர்களின் கருத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், இரண்டுமே பயனற்றுப் போகும். ஆகவே, புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் வேறு பெயரில் எழுதிய நாவலைத் தங்கள் வாசகர் வட்டத்தில் எடுத்துப் பேச விரும்புகிறவர்கள், பெயர் தெரியுமுன் ஒரு கருத்து, தெரிந்தபின் ஒரு கருத்து என இரண்டையும் எழுத்தில் வாங்கித் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்து வாசகர்களோடு நாங்கள் கூடும் வட்டத்தில் இதை எப்படிச் செய்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கால்பிரெய்த் நாவல்கள் தடிமனானவை. வேலைக்குப் போய்வருபவர்கள் சில வாரங்களுக்குள் படித்து முடிப்பது கடினம். அமெரிக்கத் திகில் கதையாசிரியர் ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் எழுதியவை 1985இலேயே வெளிப்பட்டு, இன்று கிங்கின் நூல்களாகவே எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. பிரான்சில் ரொமேன் கேரி, எமில் அஜார் என்ற பெயரில் எழுதி, ஒருவருக்கு ஒருமுறைதான் தருவதென்ற விதியுள்ள கொன்கூர் பரிசை 1975இல் இரண்டாம் முறையாக வாங்கியது அருமையான வரலாறு. ஆனால் அந்த வரலாறு நாவலைவிடப் பெரிதாகிவிடுகிறது, பேச்சு முழுவதும் அதிலேயே போய்விடும். எங்கள் அனுபவத்தில் தொடக்கத்துக்கு மிகவும் பொருத்தமானவை, துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி, மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் 1930 முதல் 1956 வரை எழுதிய ஆறு நாவல்கள். அவற்றுள்ளும் 1944இல் வெளிவந்த ‘ஆப்சென்ட் இன் த ஸ்பிரிங்’ நாவலையே நான் முதலில் சொல்வேன். அது அளவில் சிறியது. ஜோன் என்ற நடுத்தர வயது ஆங்கிலப் பெண் பாக்தாதில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், ரயில் வராமல் பாலைவனத்து விடுதி ஒன்றில் சில நாள் தனியே சிக்கிக்கொள்கிறாள். கையிலிருந்த புத்தகங்கள் தீர்ந்த பிறகு, தன் வாழ்க்கையைத் தவிர நினைக்க அவளுக்கு வேறொன்றும் இல்லை. கதை அவ்வளவுதான், கொலையும் இல்லை, துப்பறிபவரும் இல்லை. பாத்திரங்கள் குறைவு என்பதால் ஆங்கிலத்தில் படித்தவர் மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் எளிது. எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் தமிழில் மட்டுமே படிப்பவர்கள். அவர்களுக்காக இருவர் பொறுப்பேற்று, அத்தியாயம் அத்தியாயமாகக் கதையைச் சொல்வார்கள். ஜோன் தன் கணவன், பிள்ளைகளைப் பற்றி நினைக்கும் முக்கியமான பகுதிகளை மட்டும் வரிக்கு வரி தமிழாக்கி வாசிப்பார்கள். சொல்பவர் தன் கருத்தைக் கலக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பழக்கம் தேவை.

கூடுவதற்குக் கிளை நூலகம்தான் சிறந்த இடம். நூலகரிடம் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வேண்டாம்; காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போய்வந்து சமைத்து முடிக்கவே பல வீடுகளில் மதியமாகிவிடும். மாலை நான்கரை மணி எங்களுக்கு ஒத்துவருகிறது. எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் வர முடியாது என்பதால், ஒரு கூட்டத்தில் சொன்ன பகுதியை அலைபேசியில் பதிவுசெய்து அவர்களுக்கு அனுப்பிவிடுகிறோம். நவம்பர், டிசம்பரில் தொடங்காதீர்கள்; புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் நிற்கும் நாளில் யாரும் நாவல் பேச வரமாட்டார்கள்.

பெயரை மறைப்பதற்குச் சற்றுக் கவனம் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பதிப்புகளில் அகதா கிறிஸ்டியின் பெயர் அட்டையிலேயே பெரிதாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட்டால் முதுகோடு சேர்த்து அட்டை போடுங்கள். உள்ளே தலைப்புப் பக்கத்தையும் ஆசிரியர் குறிப்புப் பக்கத்தையும் காகிதம் சுற்றி மடித்து மூடிவிடுங்கள். மின்னூலாகப் படிப்பவருக்கு இது பயன்படாது, அவருக்கு அச்சுப் பிரதியையே கொடுக்க வேண்டும். அட்டைமேல் ‘மேரி வெஸ்ட்மகாட், 1944’ என்று எழுதுங்கள். முதலில் அந்தப் பெயரில்தான் நூல் வந்தது என்பதால், நீங்கள் பொய் சொல்லவில்லை. வாசகரிடம் பொய் சொல்லி நடத்தும் கூட்டத்தை நான் ஏற்கமாட்டேன். “இந்த நூலைப் பற்றிக் கருத்துப் பேசும் இரண்டாவது கூட்டம்வரை இணையத்தில் தேட வேண்டாம், காரணத்தை அன்று சொல்கிறோம்” என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். முன்பே உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவரைத் தனியே அழைத்து, “சார், நீங்க இந்தத் தடவை குறிப்பு எடுக்கிற வேலையைப் பாத்துக்கோங்க” என்று கேட்டுக்கொண்டால் போதும், மகிழ்ச்சியோடு செய்வார்.

கதை முழுவதையும் சொல்லி முடித்தபின் கருத்துப் பேசும் முதல் கூட்டத்தில், பேச்சு தொடங்குமுன்பே ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்துக் கருத்தை எழுதச் சொல்லுங்கள். பேச ஆரம்பித்துவிட்டால், குரல் பெரிதாக உள்ளவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் மாறிவிடும். எழுதக் கூச்சப்படுபவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். ஆனால் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. “நாவல் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதற்குமேல் எதுவும் வராது. எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் ஜோன்மேல் கோபம் வந்தது, எங்கே இரக்கம் வந்தது என்று இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இந்தியரை அவள் எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று கேளுங்கள்; எங்கள் கூட்டத்தில் இதற்கு வந்த பதில்கள்தான் மிக நீளமானவை. இந்த எழுத்தாளர் இதற்குமுன் எந்த வகைக் கதைகளை எழுதியிருப்பார் என்ற கேள்வியை மட்டும் கடைசியில் வையுங்கள். இரண்டாம் கூட்டத்தில் அதற்குத் தேவை இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்லும்போது, கூடவே சொல்ல வேண்டிய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். 1926இல் கிறிஸ்டியின் தாய் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கிறிஸ்டி வீட்டைவிட்டுக் காணாமல் போய், 11 நாள் கழித்து ஹாரோகேட் நகர விடுதி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். 1928இல் மணமுறிவு ஏற்பட்டது. 1930இல் தொல்லியல் அறிஞர் மாக்ஸ் மாலோவனை மணந்து, அவரோடு ஈராக், சிரியா அகழாய்வுகளுக்குச் சென்றார் என்பதால் அந்தப் பாலைவனம் அவருக்குத் தெரிந்த இடம். இந்த நாவலை மூன்றே நாளில் எழுதி முடித்ததாகத் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். வெஸ்ட்மகாட் யார் என்பது 1949இல்தான் வெளியே வந்தது.

புனைபெயர் பற்றிய விளக்கத்தையும் இந்த நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். முன்பே சொன்னால் சந்தேகம் வந்துவிடும். ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனதும், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனதும், எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துச் சுஜாதா ஆனதும் நமக்குப் பழகியவை. அவர்களுக்கு அந்தப் பெயரே ஊரறிந்த பெயர். ஊரறிந்த பெயர் கையில் இருக்கும்போதே அதை விட்டு வேறொரு பெயரில் எழுதுவது தனி வகை. அதற்கு நம்மிடையே நெருங்கிய உதாரணம், குமுதத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ரா. கி. ரங்கராஜன். சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, மோகினி என்று பல பெயர்களில், பெயருக்கொரு நடையாக அவர் எழுதினார். இதைச் சொன்னதும் எங்கள் வட்டத்துப் பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வாரப் பத்திரிகையில் தாங்கள் விரும்பிப் படித்த இருவர் ஒருவரே என்று தெரிந்தபோது எப்படி இருந்தது என்பதை அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

பிறகு இரண்டாவது சீட்டைக் கொடுங்கள். இங்கே இரண்டு விதத் திரிபுகள் வரும். முதலாவது, “கொலை இல்லாத கிறிஸ்டியா?” என்ற ஏமாற்றம், இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், தானே அடங்கிவிடும். இரண்டாவது கடினமானது: நாவலில் வரும் ஒவ்வொன்றையும் எழுதியவரின் வாழ்க்கையில் தேடத் தொடங்குவது. 1934இல் வந்த ‘அன்ஃபினிஷ்ட் போர்ட்ரெய்ட்’ அவருடைய முதல் மண வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது என்பதால் அந்த நாவலுக்கு இது ஓரளவு பொருந்தும். ஜோனுக்குப் பொருந்தாது. யாராவது வாழ்க்கைக் கதையை எடுத்தால், நாவலின் எந்தப் பக்கம் அதற்கு ஆதாரம் என்று பணிவோடு கேளுங்கள்.

ஒருவரின் இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் கிடைப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், முதல் சீட்டில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தார்: “இந்தம்மா எல்லாருக்கும் நல்லதுதான் செய்றதா நெனச்சுக்குது. கேக்காம செய்ற நல்லது எவ்ளோ பெரிய தொல்லைன்னு வீட்டுக்காரரு ஒருதரம்கூட வாயத் தொறந்து சொல்லல. அவரு மேலயும் தப்பு இருக்கு.” இரண்டாவது சீட்டில்: “துப்பறியும் கதை எழுதுறவங்கன்னு இப்ப தெரியுது. அதான் ஒவ்வொரு ஞாபகத்தையும் சாட்சி மாதிரி ஒண்ணு ஒண்ணா கூப்புடுறாங்க. ஆனா வீட்டுக்காரரைப் பத்தி முன்ன சொன்னதுல மாத்தம் இல்ல.” பெயர் தெரிந்ததால் நாவலின் கட்டுமானம் அவருக்குத் துலங்கியது, கணவன் ராட்னியைப் பற்றிய தீர்ப்போ பெயரைச் சார்ந்திருக்கவில்லை. முதல் சீட்டை வாங்கி வைத்திருக்காவிட்டால், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இருந்திருக்காது.

கருத்துகளைத் தொகுக்கும்போது மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து பேரின் சராசரியால் எதுவும் தெரியவராது. கருத்து மாறியவர்களைவிட, மாறாதவர்கள் எந்த இடத்தில் மாறவில்லை என்பதைக் குறித்துவைப்பது முக்கியம். நூலகச் சுவரொட்டியிலோ சிற்றிதழிலோ வெளியிடுவதானால் எழுதியவரின் அனுமதி பெற்று, அவருடைய பேச்சுத் தமிழை அப்படியே விடுங்கள்.

வரிக்கு வரி செய்த தமிழாக்கத்தைக் கூட்டத்துக்கு வெளியே அச்சிட்டுப் பரப்பக் கூடாது. புனைபெயரில் வந்த நூலுக்கு இந்தியாவில் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. அந்தக் காலத்துக்குள் எழுதியவர் யாரென்று வெளிப்பட்டுவிட்டால், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. கிறிஸ்டி மறைந்தது 1976இல் என்பதால் வெஸ்ட்மகாட் நாவல்களுக்கு 2036 முடியும்வரை உரிமை உண்டு.

அடுத்த நூலாக, பிரிட்டிஷ் எழுத்தாளர் டோரிஸ் லெஸ்சிங், ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் 1983இல் வெளியிட்ட ‘த டைரி ஆஃப் எ குட் நெய்பர்’ நாவலை எடுக்கலாம். லெஸ்சிங்கின் சொந்தப் பதிப்பாளரே யார் எழுதியதென்று அறியாமல் திருப்பி அனுப்பிய நாவல் அது. ஏழை மூதாட்டி ஒருத்தியைப் பராமரிக்கும் கதை என்பதால், வீட்டில் முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அதில் நிறையப் பேசுவார்கள். ஒருமுறை இவ்வாறு நடந்தபின் உங்கள் வாசகர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பதால், இடையில் சொந்தப் பெயரிலேயே எழுதிய இருவரின் நாவல்களையும் இதேபோல் அட்டை போட்டு, இரண்டு சீட்டு முறையில் வாசித்துவிட்டு அதற்கு வாருங்கள்.