புதுப் படத்தை நண்பர்களோடு கலாய்த்துப் பேசிப் பதிவு செய்வது எப்படி? தியேட்டர் நோட்டிலிருந்து பதிவேற்றம் வரை

படம் விட்டு வெளியே வந்து, வண்டி ஸ்டாண்டில் டோக்கனைத் தேடிக்கொண்டே நாலு பேர் பேசுவார்களே, அந்தப் பேச்சில் இருக்கிற சிரிப்பு மறுநாள் மைக் முன்னால் உட்கார்ந்தால் வராது. காரணம் இரண்டு. காட்சியின் நுணுக்கமெல்லாம் ராத்திரித் தூக்கத்தோடு போய்விடுகிறது. மிஞ்சுவது "செம மொக்கை", "வேற லெவல்" மாதிரி வெறும் தீர்ப்பு. இன்னொன்று, நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கும்போது சத்தம் உடைந்து, கேட்பவருக்கு எதுவும் விளங்காமல் போகிறது. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் கீழே உள்ள வேலை எல்லாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து நண்பர் கூட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். டிக்கெட், சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஆளுக்கொரு ஒயர் இயர்போன், இருக்கிற செல்போன். இவ்வளவு இருந்தால் போதும்.

1. ஆள் பிரிப்பு

நாலு பேர் சரியான அளவு. ஐந்தாவது குரல் வந்தால், முகம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பவருக்கு யார் பேசுகிறார் என்று பிடிபடாது.

நாலு பேரில் மூன்று பேர்தான் படம் பார்க்க வேண்டும். நாலாவது ஆள் படம் பார்க்காமல் வந்து உட்கார வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். எல்லோரும் பார்த்திருந்தால் "அந்த சீன்டா!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, கேட்பவர் வெளியே நிற்பார். பார்க்காதவர் ஒருவர் எதிரில் இருந்தால் அவருக்காகக் காட்சியை விளக்கியே ஆக வேண்டும். அந்த விளக்கத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற நண்பர் ஒருவராவது நம் ஊர்க் கூட்டங்களில் இருப்பார். வெள்ளிக்கிழமை அவருக்குத் தோதுப்படாதே என்று வருத்தப்படாமல், அந்த வாரம் அவரையே கேள்வி கேட்பவராக வையுங்கள்.

பிடித்தவர், பிடிக்காதவர் என்று வேஷம் பிரிக்க வேண்டாம். பொய்க் கோபம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் துறை பிரியுங்கள்: ஒருவருக்குக் கதையும் வசனமும், ஒருவருக்கு நடிப்பும் சண்டையும், ஒருவருக்குப் பாட்டு, பின்னணி இசை, ஒளிப்பதிவு. மூன்று பேரும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் ஆபத்து இதனால் குறைகிறது.

2. எந்தக் காட்சி, எந்த மொழி

பெரிய நடிகர் படம் என்றால் தமிழ்நாட்டில் முதல் நாள் காலை 9 மணிக் காட்சியில் விசிலும் காகிதமும் பறக்கும், வசனம் பாதி கேட்காது. மூன்று பேரும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருவர் அந்தக் காட்சிக்கு, இருவர் சாயங்காலக் காட்சிக்கு. ரசிகர்கள் கத்திய இடமும் சாயங்காலம் குடும்பத்தோடு வந்தவர்கள் சிரித்த இடமும் ஒன்றாக இருக்காது. இந்த வித்தியாசமே பேச ஐந்து நிமிடம் கொடுக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குவதால், ஒரே படத்தை மூல மொழியில் ஒருவரும் டப்பிங்கில் ஒருவரும் பார்த்துவிட்டு வருவது சாதாரணம். எதைப் பார்த்தீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதடு ஒட்டாததும் வசனம் மொழிபெயர்ப்பு மாதிரி இருப்பதும் டப்பிங்கின் குறை. அதை நடிகர் தலையில் கட்டுவது அநியாயம்.

3. தியேட்டரில் குறிப்பு எடுப்பது

இதுதான் முக்கால்வாசி வேலை.

செல்போனில் எழுதாதீர்கள். வெளிச்சம் பின்வரிசைக்கு இடைஞ்சல். கேமராவைத் தூக்குகிறார் என்ற சந்தேகமும் வரும். 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்ச ரூபாயில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். ஸ்டேட்டஸ் வைக்க பத்து நொடி எடுப்பதும் பதிவுதான்.

சின்ன நோட்டு, ஒரு பேனா. இருட்டில் வரிமேல் வரி விழும் என்பதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு குறிப்புக்கு மேல் வேண்டாம். இடது கட்டைவிரலை வரியின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் கோணல் குறையும். தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். படத்தின் நீளமும் சான்றிதழ் வகையும் அதிலேயே இருக்கும். இப்போது யுஏ-வில் 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவு வந்திருப்பதால், பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு இது உதவும். அதன்பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் படம் தொடங்கி எத்தனையாவது நிமிடம் என்பதையும், அரங்கம் சிரித்தால் "சி", அமைதியானால் "அ", உங்களுக்கு உறுத்தினால் "?" என்பதையும் போடுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கற்பனைப் படம் ஒன்றுக்கு நோட்டு இப்படி இருக்கும்:

7 – டீக்கடை. ஹீரோ காசு கொடுக்கலை. சி
31 – அம்மா ஆபரேஷன், 5 லட்சம் இல்லை. கையில் புது போன். ?
58 – வில்லன் வீட்டு நாய் ஹீரோவைப் பார்த்து வாலாட்டுது. சி
64 – இடைவேளை
102 – கிருஷ்ணகிரி போர்டு. பின்னால் அலை, கட்டுமரம். ?
118 – அப்பா சட்டையை மடிக்கிறார். வசனம் இல்லை. அ

இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போகும் முன், இரண்டாம் பாதியில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். படம் முடிந்தபிறகு "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். எழுதி வைத்ததை எடுத்துப் படித்தால்தான் நம்பகமும் வரும், தப்பாகக் கணித்திருந்தால் நல்ல சிரிப்பும் வரும்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது உட்கார்ந்து, எந்தத் துறையைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அந்தக் கலைஞரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் மூவரும் படத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கஷ்டம்தான். ஆனால் முதல் தடவை சொல்லும்போது வருகிற சிரிப்பு இரண்டாம் தடவை வராது, அது மைக்கில் விழ வேண்டும்.

4. குறிப்பைப் பேச்சாக்குவது

102-வது நிமிடக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். "லாஜிக்கே இல்ல மச்சான், கேவலமா எடுத்திருக்காங்க" என்று சொன்னால் அதோடு முடிந்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"கிருஷ்ணகிரின்னு போர்டு வருது மச்சான். அதுக்குப் பின்னாடி அலை அடிக்குது."
"டேம் தண்ணியா இருக்கும்டா."
"டேம்ல கட்டுமரம் போகுமா?"
"போச்சா?"
"ரெண்டு போச்சு. ஒண்ணுல வில்லன் நின்னுக்கினு வரான்."

இதில் மட்டமாக ஒரு சொல்கூட இல்லை. சொல்பவர் பார்த்ததை வரிசையாக அடுக்குகிறார். பார்க்காதவர் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறார். ஒவ்வொரு வக்காலத்தையும் அடுத்த தகவல் சாய்க்கிறது. பெரிய தகவலைக் கடைசிக்கு வைக்க வேண்டும். "வில்லன் கட்டுமரத்தில் வருகிறான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி நாலு வரிக்கும் வேலை இல்லை. பேச்சும் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிக்கிற தமிழுக்கு மாறினால் பாதி உயிர் போய்விடும்.

கலாய்ப்பது படத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளை மட்டும். நடிகரின் நிறம், உடம்பு, வயது, சாதி, பேசும் வழக்கு எதையும் தொடக் கூடாது. அது யாரும் அந்தப் படத்துக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை, அதைச் சொல்லிச் சிரிப்பது விமர்சனமும் இல்லை. பழியையும் சரியான இடத்தில் வையுங்கள். படம் இழுத்தால் உடனே "எடிட்டிங் சரியில்ல" என்கிறோம். காட்சியே திரைக்கதையில் தேவையில்லாமல் இருந்திருக்கலாம், அதை வைத்தே ஆக வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்திருக்கலாம். "அந்த சீனை எடுத்துட்டா கதை மாறுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் அது எழுத்தில் வந்த கோளாறு.

பாராட்டும் இதே நுணுக்கத்தோடு இருக்க வேண்டும். அப்பா சட்டையை மடித்த 118-வது நிமிடத்தில் அரங்கமே அமைதியானது என்றால், எப்படி மடித்தார், கேமரா எங்கே இருந்தது, இசை எப்போது நின்றது என்று சொல்லுங்கள். நூறு கலாய்ப்புக்கு நடுவில் இந்த ஒரு நிமிடம்தான் உங்கள் பேச்சை நம்ப வைக்கும்.

முதல் 8 நிமிடம் கதையின் முடிச்சை உடைக்காமல் பேசுங்கள். அதன்பின் சில்வர் டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டு. இனிமேல் முடிச்சுகள் உடையும் என்று அர்த்தம். படம் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

5. ஒலிப்பதிவு

ஹாலில் வேண்டாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி எதிரொலி கொடுக்கும். மெத்தை, துணி பீரோ, திரைச்சீலை உள்ள படுக்கையறை நல்லது. பீரோ கதவைத் திறந்து வையுங்கள், தரையில் இரண்டு போர்வை விரியுங்கள். ஃபேன் நிற்க வேண்டும். 44-ம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் சாலைப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, லாரி சத்தம் குறைந்த நேரம் பார்த்து உட்காருங்கள். முறுக்கு, மிக்சர் பதிவு முடிந்தபிறகு.

நாலு பேருக்கு நடுவில் ஒரே போனை வைப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. போனின் தானியங்கி ஒலி அளவு, பேச்சு நின்றால் சூழல் சத்தத்தைத் தூக்கும், சிரித்தால் அமுக்கும். அதனால் சிரிப்புக்குப் பிந்தைய முதல் வார்த்தை அமுங்கிப்போகும். அவரவர் போனில் அவரவர் ஒயர் இயர்போனைச் செருகி, நாலு தனிப் பதிவு எடுங்கள். மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், சட்டையில் உரசாமல் துணி டேப்பால் ஒட்டுங்கள், செயின் போட்டிருந்தால் கழற்றுங்கள். புளூடூத் இயர்போன் கூடாது. அதன் மைக்கை இயக்கினால் போன் அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும், குரல் தொலைபேசிக் குரலாகக் கேட்கும்.

எல்லாப் போனும் ஏரோபிளேன் மோடில். ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் டபிள்யூஏவி (WAV) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ். 16 பிட் மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 எம்பி பிடிக்கும், முக்கால் மணி நேரத்துக்கு 300 எம்பிக்குள் அடங்கும். பதிவு ஓட ஆரம்பித்ததும் 10 நொடி யாரும் வாய் திறக்காமல் இருங்கள். இரைச்சல் நீக்க அந்த வெறும் அறைச் சத்தம் தேவை. பிறகு ஒருவர் பலமாக ஒரு கைதட்டு. முடிக்கும்போது இன்னொரு கைதட்டு. இரண்டாவது எதற்கு என்றால், ஒவ்வொரு போனின் கடிகாரமும் நூலிழை வேகம் மாறி ஓடும். தொடக்கத்தில் ஒட்டிய பதிவு கடைசியில் விலகியிருக்கிறதா என்பதைக் காட்டுவது அந்தத் தட்டுதான். சிரிப்பு வரும்போது முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளப் பழகுங்கள். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

வீடியோவும் வேண்டுமென்றால் ஐந்தாவது போன், கண் உயரத்தில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி. டியூப் லைட்டில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு எண் வைத்தால் படத்தில் பட்டை ஓடும்.

6. வெட்டி ஒட்டுவது

இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். நாலு பதிவையும் கைதட்டு முனையில் ஒட்டுங்கள். அமைதியான 10 நொடியில் ஒரு பகுதியைத் தேர்ந்து இரைச்சல் மாதிரி எடுத்து, 6 முதல் 12 டெசிபெல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். ஒருவர் பேசும்போது மற்ற மூன்று மைக்கும் அவர் குரலைத் தூரத்திலிருந்து பிடித்திருக்கும், அதனால் லேசான எதிரொலி வரும். அந்த மூன்றையும் முழுதாக அணைக்காமல் 12 டெசிபெல் அளவுக்குத் தாழ்த்துங்கள். முழுதாக அணைத்தால் பின்னணிச் சிரிப்பு வெட்டுப்பட்டு, ஒருவர் தனியறையில் பேசுவது மாதிரி இருக்கும்.

45 நிமிடப் பேச்சை 20 நிமிடமாக்கினால் கேட்க நன்றாக இருக்கும். திரும்பச் சொன்னது, பெயர் மறந்து தடுமாறியது, யாருக்கும் புரியாத உள்வட்டக் கிண்டல் எல்லாம் போகட்டும். ஆனால் கடைசி வரிக்கு முன்னால் இருக்கும் அரை நொடி மௌனத்தை வெட்டிவிடாதீர்கள். புதிதாக வெட்டுபவர்கள் இங்கேதான் கை வைக்கிறார்கள், நகைச்சுவை அங்கேயே விழுந்துவிடுகிறது. கடைசியாக மொத்த ஒலி அளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) சமன் செய்யுங்கள், யூடியூப் கையாளும் அளவு அதுதான்.

7. பதிவேற்றம்

விமர்சனத்துக்காக நியாயமான அளவில் படைப்பைப் பயன்படுத்த 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் "10 நொடிக்குள் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று பரவலாகச் சொல்வது தவறு, அப்படி நொடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. யூடியூபின் தானியங்கிச் சோதனை சட்டப் பிரிவு பார்ப்பதும் இல்லை. பாட்டுத் துணுக்கைக் கண்டதும் உரிமைகோரல் வந்துவிடும். அது வருமானத்தைத் தொடும். பதிப்புரிமை எச்சரிக்கை (ஸ்ட்ரைக்) வேறு, 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். ஆரம்பத்தில் படக்காட்சி, பாட்டு எதுவும் சேர்க்காமல் உங்கள் குரலையும் முகத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமா, நண்பரை வாயால் தாளம் போடச் சொல்லுங்கள், அது இன்னும் நன்றாக இருக்கும்.

இலவச டிக்கெட்டோ பணமோ வாங்கியிருந்தால் தொடக்கத்திலேயே வாயால் சொல்லுங்கள். பணம் வாங்கிய பேச்சு என்றால் பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் என்ற பெட்டியிலும் டிக் செய்ய வேண்டும்.

தலைப்பில் படத்தின் பெயரும் உங்கள் கூட்டத்தின் பெயரும் இருந்தால் போதும். டம்ளர் தட்டிய நிமிடத்தை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பார்த்த படத்துக்குச் சனிக்கிழமை காலை பதிவு, அன்று இரவுக்குள் ஏற்றம். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்துக்குப் போகலாம் என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

ஏற்றியபின் பெயர் மாற்றிச் சொன்னதோ, காட்சியைத் தவறாகச் சொன்னதோ தெரியவந்தால் வீடியோவைத் தூக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் அந்தத் துண்டை மட்டும் வெட்டலாம். வெட்டினால் பேச்சு அறுந்துபோகும் என்றால் நிமிடக் கணக்கோடு திருத்தத்தை விளக்கக் குறிப்பின் முதல் வரியில் போட்டு, அடுத்த பதிவின் தொடக்கத்தில் யார் தவறாகச் சொன்னாரோ அவரே திருத்திச் சொல்லட்டும்.