புளோரன்ஸின் ஒயின் வணிகர் சங்கத்தைத் தடம்பிடிப்பது எப்படி

இடைக்காலப் புளோரன்ஸில் ஒயின் வணிகர்கள் சேர்ந்திருந்த சங்கத்தின் பெயர் ஆர்த்தே தெய் வினாத்தியேரி. நகரின் 21 தொழிற்சங்கங்களுள் இது சிறிய சங்கங்களின் வரிசையில் இருந்தது. தேடலைத் தொடங்குபவர் பெரிய, சிறிய சங்கங்களுக்கு இடையிலான இந்தத் தகுதி வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இல்லையேல் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

சங்கங்களின் கோயில் என்று சொல்லத்தக்க ஓர்சான்மிக்கேலேயின் வெளிச்சுவரில் சங்கங்களின் காவல் புனிதர் சிலைகளுக்கான 14 மாடங்கள் உள்ளன. அவற்றில் ஒயின் வணிகரின் காவல் புனிதரான மார்ட்டினைத் தேட வேண்டாம். சிறிய சங்கங்கள் பலவற்றுக்குக் கிடைத்தவை உள்ளிருக்கும் தூண்களே. இந்தச் சங்கத்துக்காக லோரென்சோ தி பிச்சி வரைந்த பலகை ஓவியம் பிற்பாடு அக்காதெமியா அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. அரியணையில் அமர்ந்த புனிதருக்குக் கீழே, அவரே தம் மேலங்கியை வாளால் வெட்டி ஓர் இரவலனுக்குப் பாதியைக் கொடுக்கும் சிறிய காட்சியும் உண்டு. சங்கத்தின் சின்னம் வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கிண்ணம். நிறம் போன கற்கேடயங்களில் கிண்ணத்தின் வடிவத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

பழைய மாளிகைச் சுவர்களில் காணப்படும் சிறு ஒயின் சன்னல்களை இச்சங்கத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். அவை 16-ஆம் நூற்றாண்டிலிருந்து நிலவுடைமைக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து ஒயினை வீட்டு வாசலிலேயே விற்கப் பயன்படுத்தியவை. சொல்லப்போனால், அவை சங்கத்து வணிகருக்குப் போட்டி.

ஆவணங்களுக்கு புளோரன்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். அங்கே தேதியை வாசிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுவர். புளோரன்ஸின் ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்ததால், 1384 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1385 பிப்ரவரி. ஒயின் தொழிலுக்குப் பேர்பெற்ற அந்தினோரி குடும்பத்து ஜொவான்னி தி பியெரோ சங்கத்தில் சேர்ந்த 1385 போன்ற ஆண்டுகளைப் பதிவேடுகளில் தேடும்போது முந்தைய ஆண்டின் கடைசி ஏடுகளையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அளவுகளையும் லிட்டருக்கு மாற்றிக்கொள்வது நல்லது: ஒரு பரிலே ஏறத்தாழ 45.6 லிட்டர், பத்து பரிலே ஒரு கோஞ்ஞோ. நகரம் ஆண்டுக்குச் சுமார் 55,000 கோஞ்ஞோ ஒயின் குடித்தது என்று 14-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி எழுதுகிறார். அதே அளவையில் பெருக்கினால் இது இரண்டரைக் கோடி லிட்டர். அவரே கூறும் 90,000 மக்களுக்குப் பகிர்ந்தால், குழந்தைகளையும் சேர்த்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் வரும்.