டீத்தூளைத் தொலைக்கும் விதம்

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லயன் (தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகளுக்கு விடுமுறையில் நான் செய்து காட்டும் விளையாட்டு இது: கிளிசரினில் டீத்தூளைத் தூவி, இரண்டு புட்டிகளை மாற்றி மாற்றித் திருகி, தூளைத் திரும்ப முடியாதபடி கலைப்பது. டீத்தூளுக்கு இங்கே பஞ்சமில்லை, கிளிசரின்தான் செலவு. மருந்துக் கடையில் 100 மில்லி புட்டி மூன்று வாங்குங்கள். தண்ணீர் சரிப்படாது. கையை எடுத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கிளிசரின் உடனே நின்றுவிடும். ஜனவரிக் குளிரில் இன்னும் கெட்டியாகும், நமக்கு வசதி.

20 செ.மீ. அகலத்தில், ஓரம் உயர்ந்த வெள்ளைத் தட்டு ஒன்றில் கிளிசரினை ஊற்றுங்கள். காலிப் புட்டிகள் இரண்டில் மண் நிரப்பி மூடி, மூன்று விரல் இடைவெளி விட்டு உள்ளே நிறுத்துங்கள். நடுவே டஸ்ட் ரக, அதாவது மிகப் பொடியான, டீத்தூளைத் துளிப்போல ஒரே இடத்தில் தூவுங்கள். அதிகம் போட்டால் மிதக்கும் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும்.

முதலில் ஒரு புட்டியை மட்டும் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திருகுங்கள். விரலை மாற்றிப் பிடிக்கும்போது புட்டி பின்னால் திரும்பக் கூடாது, திரும்பினால் செய்தது அழிந்துபோகும். தூள் நீண்டு வில்லாக வளையும், அவ்வளவுதான். அதே அளவு எதிர்ப்பக்கம் திருகினால் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து சேரும். பிள்ளைகள் இதற்கே கைதட்டுவார்கள்.

அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகுங்கள். சுற்றை எண்ண வேண்டாம். நடுவிலுள்ள தூள் கால் வட்டம் நகர்ந்ததும் அடுத்த புட்டிக்குப் போங்கள். தூள் இழுபடும், மடியும், மறுபடி இழுபடும். ஒட்டியிருந்த இரண்டு துகள்களில் ஒன்று இந்தப் புட்டியோடும் மற்றது அந்தப் புட்டியோடும் போய்விடும். இப்போது கடைசியில் செய்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திருகிப் பாருங்கள். தூள் திரும்பாது. கையில் வரும் சின்னப் பிசகு ஒவ்வொரு மடிப்பிலும் பெருகிவிடுகிறது.

திரவ ஓட்டத்தை ஆராய்ந்த ஹசன் அரெஃப் 1984இல் மாறி மாறி இயங்கும் இரண்டு சுழல்களை வைத்துக் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான்: ஓட்டம் சீராக இருக்கும், துகளின் பாதை மட்டும் தாறுமாறாகும். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட, தண்ணீரில் இருந்த நுண்துகள்களின் துள்ளலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மூலக்கூறுகள் மோதுவதால் வருவது. டீத்தூள் அதற்கு ரொம்பப் பெரிது.

எத்தனை முறை மாற்றித் திருகினாலும் சில இடங்களில் தூள் கலையாமல் கூட்டமாகவே சுற்றும். அங்கே சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டு மாறுங்கள், அந்தத் திட்டுகள் சுருங்கும். அவசரமாக மாறினால் அவை பெரிதாகும்.