விடிய விடியக் கூத்தைப் பதிய ஒரு சட்டைப்பைக் கேமரா

திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் இரவு பத்து மணிவாக்கில் மேளக்கட்டு என்ற தொடக்க வாத்திய முழக்கம் எழுந்தால் தெருக்கூத்து முடியும்போது விடிந்துவிடும். செய்யாறு பக்கத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக இருக்கும் நான், பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரை வாய்ப்புக் கிடைத்த இரவுகளில் எல்லாம் கூத்துகளைப் பதிவு செய்கிறேன். சட்டைப்பையில் அடங்குகிற, விலை குறைந்த வீடியோ கேமரா எதை வாங்கலாம் என்று பழைய மாணவர்களும் ஜமாக்காரர்களும் (கூத்துக் குழுவினரும்) கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பாட்டி பாடும் தாலாட்டு என்று எதைப் பதிவதானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில், நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். அடுத்தது, ஒலியை எப்படி வாங்குகிறது. மூன்றாவது, இருட்டில் முகம் தெரிகிறதா. இந்த மூன்றிலும் தேறிய கேமரா 4கே (மிகத் தெளிவான பட அளவு) இல்லாவிட்டாலும் வாங்கலாம். தேறாதது 8கே என்றாலும் கூத்துக்கு உதவாது.

சிறிய கேமராவையே நான் வலியுறுத்துவதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. கூத்து ஆடும் இடமான களரிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடும் பிள்ளைகளோடும் நாமும் உட்கார்ந்து, முழங்கால் உயர முக்காலியில் வைத்துப் பதிவு செய்யலாம். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காது. பெரிய கேமராவும் விளக்கும் வந்து நின்றால் நடிகர்கள் சபையை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்து ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது நமக்குக் கிடைப்பது கூத்து ஆகாது.

கைபேசி போதாதா?

பல பேருக்குப் போதும். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம், இருபது நிமிடம் பதிவு செய்பவர்கள் புதிதாகக் கேமரா வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல வெளி மைக் ஒன்றும் சிறு முக்காலி ஒன்றும் வாங்குங்கள். ஆனால் எட்டு மணி நேரக் கூத்துக்குக் கைபேசியைக் கொடுத்துவிட்டு உட்கார முடியாது. அழைப்பு வரும், சூடாகும், உள்நினைவகம் நிறையும், நடுராத்திரி வீட்டிலிருந்து யாராவது அழைத்தால் எடுக்கவும் முடியாது. அதற்குத்தான் தனிக் கருவி தேவைப்படுகிறது.

இந்த வகைக் கேமராக்களின் கதை அதிகம் நீளமானதல்ல. 2007இல் அமெரிக்காவில் பியூர் டிஜிட்டல் நிறுவனம் 'ஃபிலிப் அல்ட்ரா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவு, பக்கத்தில் மடங்கியிருக்கும் யூஎஸ்பி முனையைக் கணினியில் செருகினால் நகல், அவ்வளவுதான். பெரும் வரவேற்பைப் பெற்றது. 2009இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011இல் ஃபிலிப் வரிசையையே மூடிவிட்டது. அந்த வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டிருந்தது. கோடாக், சோனி, கிரியேட்டிவ் ஆகியவையும் இதே மாதிரி செய்து பின்னர் விட்டுவிட்டன. ஆகவே இன்று நமக்கு முன்னால் இருப்பவை நான்கு: பழைய பொருள், சிறிய ஹேண்டிகேம் (கையடக்க வீடியோ கேமரா), ஒலிக்கென்றே செய்த சிறு கேமரா, விளையாட்டையும் பயணத்தையும் பதிய உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஆக்‌ஷன் கேமரா. இவற்றோடு இணையக் கடைகளில் குவிந்திருக்கும் போலி 4கே கேமராக்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிற்காமல் ஓடுவது

ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் பதிவைத் தானாக நிறுத்திவிடும். முப்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்க வரி போட்டதால் தயாரிப்பாளர்கள் வைத்த வரம்பு அது. பாஞ்சாலி சபதம் செய்யும் இடத்தில் கேமரா நின்றால் திரும்ப ஆடச் சொல்ல முடியுமா? கேம்கார்டராக விற்கப்படுபவற்றில் பொதுவாக இந்த வரம்பு இல்லை. இருந்தாலும் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் கையேட்டைப் பாருங்கள்.

பெரும்பாலான கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும். ஃபேட்32 என்ற கோப்பு முறை அதற்கு மேல் பெரிய கோப்பை ஏற்காது என்பதால் வந்த பழக்கம் அது. வெட்டுவதில் தவறில்லை. துண்டுகளுக்கு நடுவில் பாட்டின் ஒரு சொல் விழுந்துவிடுகிறதா என்பதே கேள்வி. நல்ல கேமராவில் விழாது. மலிவான சிலவற்றில் ஒன்றிரண்டு விநாடி காணாமல் போகும். வாங்கிய அன்றே வீட்டில் மின்விசிறியை நோக்கி வைத்து, பக்கத்தில் வானொலியைப் பாடவிட்டு, இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு துண்டுகள் சேரும் இடங்களை மட்டும் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

நினைவகக் கணக்கு எளிது. விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 22 ஜிபி ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 180 ஜிபி வேண்டும். அதே இரவை 17 மெகாபிட்டில் பதிந்தால் 61 ஜிபி போதும். விநாடிக்கு 100 மெகாபிட் கேட்கும் 4கே என்றால் 360 ஜிபி. பதிந்ததை வைத்திருக்க வன்தட்டும் வாங்க வேண்டும் அல்லவா? வட்டாரத்தின் கூத்துகளை எல்லாம் சேமிக்க நினைப்பவர்களுக்கு முழு எச்டி, 17 முதல் 28 மெகாபிட் வரை, நியாயமான அளவு என்பது என் முடிவு. ஆகவே இந்த வேகத்தை நாமே தேர்ந்தெடுக்க மெனுவில் வழி இருக்கும் கேமராவை வாங்குங்கள்.

கார்டு ஒரே பெரியதாக வேண்டாம். 64 ஜிபி இரண்டு வாங்கி நள்ளிரவில் மாற்றுங்கள். ஒன்று கெட்டாலும் பாதிக் கூத்து மிஞ்சும். போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. 64 என்று எழுதி உள்ளே 8 மட்டும் இருக்கும், அது நிறைந்ததும் புதிதாகப் பதிவது எல்லாம் வீண். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

மின்சாரம் அடுத்தது. உள்ளேயே ஒட்டிய பேட்டரியுள்ள கேமராவைத் தவிர்த்துவிடுங்கள். கழற்றி மாற்றும் பேட்டரி வேண்டும், அல்லது யூஎஸ்பி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டே பதிய வேண்டும். சில கேமராக்கள் அணைந்திருக்கும்போது மட்டும்தான் சார்ஜ் ஆகும். கடைக்குப் போகும்போது உங்கள் பவர் பேங்கையே கொண்டுபோய், பதிவு ஓடும்போது செருகிப் பாருங்கள். பவர் பேங்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் சில தாமாக அணைந்துவிடும். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒலி

கூத்தில் பாதி காதுக்குரியது. சிறு ஊதுகருவியான முகவீணை கீச்சென்று உயரத்தில் போகும், மிருதங்கம் அதிரும், ஆர்மோனியமும் தாளமும் பின்பாட்டும் சேரும், அடுத்த நொடியே கோமாளியான கட்டியக்காரன் தாழ்ந்த குரலில் ஒரு சொல் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பான். மலிவான கேமராக்கள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். மிருதங்கம் விழுந்ததும் அளவைக் குறைக்கும், அது மறுபடி ஏறுவதற்குள் கட்டியக்காரனின் சொல் போய்விடும், பிறகு அமைதியான இடத்தில் வெறும் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்க்கலாம். இப்படிக் கெட்ட ஒலியை ஒரு இரவு முழுக்கக் கேட்க முடியாது.

எனவே ஒலி அளவை நாமே நிறுத்தி வைக்க முடிகிறதா, வெளி மைக் செருக 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கேமராக்களில் இரண்டும் கிடைப்பது அரிது. 2009இல் வந்த கோடாக் இசட்.ஐ.8 கேமராவில் மைக் துளை, கார்டு வழி, கழற்றும் பேட்டரி மூன்றும் இருந்தன. இன்றும் பழைய பொருளாகக் கிடைத்தால் திருப்பிப் பார்க்கத் தகுந்தது. ஃபிலிப் கேமராக்களில் மைக் துளையும் இல்லை, கார்டு போடவும் வழியில்லை, ஆகவே அவை நீண்ட பதிவுக்கு ஆகாது. சோனியின் எச்டிஆர்-சிஎக்ஸ்405 சிறிய ஹேண்டிகேம்களில் பலரும் அறிந்தது. அதிலும் வெளி மைக் துளை இல்லை.

ஒலிக்கென்றே செய்தது ஜூம் நிறுவனத்தின் கியூ2என் வகை. உள்ளங்கையில் அடங்கும். மேலே குறுக்காக வைத்த இரண்டு மைக்குகள் பெரிய சத்தத்தையும் உடையாமல் வாங்கும். ஏஏ பேட்டரி இரண்டில் ஓடும், யூஎஸ்பியிலும் ஓடும். ஆனால் லென்ஸ் அகலப் பார்வை மட்டும்தான், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாது. முன்வரிசையில் பாயில் உட்காருபவர்களுக்கு அது குறையே அல்ல. கூத்துக்கு மட்டும் என்று ஒருவர் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான்.

வேறு கேமரா பிடித்துப்போனால் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பதிவு தொடங்கியதும் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கை தட்டினால், பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் சேர்க்கலாம். இரு கருவிகளின் கடிகாரமும் ஒரே சீராக ஓடாது. ஆகவே ஒவ்வொரு புதிய துண்டிலும் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

இருட்டும் விளக்கும்

சென்சார் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வெளிச்சம் கிடைக்கும். சிஎக்ஸ்405இல் இருப்பது 1/5.8 அங்குல வகை. இன்றைய நடுத்தர விலைக் கைபேசிகளில் இருப்பது அதைவிடப் பெரியது. பகலில் நடக்கும் படுகளத்துக்கு (துரியோதனன் வதத்துக்கு) அந்த ஹேண்டிகேம் அழகாக வேலை செய்யும். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் அதன் பலம். இரவில் அந்த ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் துளை எஃப்1.8இலிருந்து எஃப்4க்குச் சுருங்கும், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அருகே போய் உட்காருவது எந்த ஜூமையும் விட நல்லது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்பில் இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். மெனுவில் 50 ஹெர்ட்ஸ் அல்லது 'பால்' (PAL) என்று மாற்றும் வசதி இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமராக்கள் சிலவற்றில் அது இருக்காது. கடையில் டியூப்லைட்டை நோக்கி வைத்துத் திரையை உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று: களரியின் பின்னணி கறுப்பு. தானியங்கிக் கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், அரிதாரம் பூசிய முகம் வெள்ளையாக வெந்துவிடும். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒளித்திட்டாகிவிடும். முகத்தின் நிறமே பாத்திரத்தைச் சொல்லும் கலையில் இது பேரிழப்பு. வெளிச்சத்தை ஒன்றிரண்டு படி குறைத்து நிறுத்தவும், வெண்சமநிலையை (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பை) பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிப்படும் கணத்தில் இதன் அருமை தெரியும்.

ஆக்‌ஷன் கேமராக்களில் சென்சார் ஓரளவு பெரியது, படமும் தெளிவு. காற்றில்லாத இடத்தில் அசையாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் சூடாகி நிற்கக்கூடும். 4கேயை விட்டு முழு எச்டியில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 ஓர் அங்குலச் சென்சாரோடு 2023இல் வந்தது, இரவுக்குச் சிறந்தது. விலைதான் நம் வரம்புக்கு மேல். ஓரிரு இரவுக்கு மட்டும் தேவை என்றால் சென்னையில் வாடகைக்கு எடுக்கலாம்.

போலி 4கே

இணையக் கடைகளில் ஐந்தாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று பெயர் தெரியாத நிறுவனங்களின் கேம்கார்டர்கள் கிடைக்கின்றன. மைக்கும் அகல லென்ஸும் சேர்த்தே தருவார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறிய, மலிவான சென்சார். அதன் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கி 4கே என்று சேமிக்கிறது. விவரக் குறிப்பில் 'இன்டர்போலேஷன்' என்ற சொல் இருந்தால் அதன் பொருள் அதுதான். அந்த ஜூமும் டிஜிட்டல் ஜூம். கண்ணாடி எதுவும் நகராது. எதிர்க் கடைப் பலகையின் சிறிய எழுத்தை ஜூம் செய்து பாருங்கள். எழுத்து பெரிதாகிறதே தவிரத் தெளிவாகவில்லை என்றால் தெரிந்துகொள்ளலாம். ஒரு நிமிடம் பதிந்து கோப்பின் அளவையும் பாருங்கள். 60 மெகாபிட் வேகமுள்ள 4கே ஒரு நிமிடத்துக்கு 450 எம்பி எடுக்கும், எச்.265 என்ற சுருக்க முறையில் அதில் பாதி ஆகலாம். நூறு எம்பிக்கும் கீழே இருந்தால் அது பெயரளவில்தான் 4கே. இந்தப் பணத்துக்குப் பழைய நல்ல கேமராவே மேல்.

பழையதை வாங்கச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் சொந்தக் கார்டைக் கொண்டுபோங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேண்டாம். அதே வகைப் பேட்டரி இன்னும் விற்பனையில் உள்ளதா என்று அங்கேயே விசாரியுங்கள். அடியில் முக்காலித் திருகுமரை உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஐந்து நிமிடம் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பார்த்த பிறகு பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கேமரா கைக்கு வந்ததும் நேரத்தையும் தேதியையும் சரியாக வையுங்கள், படத்தின் மேல் தேதி விழும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முன்பே ஜமாவின் வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள், நகல் தருவதாகச் சொல்லுங்கள். அதற்காகவே எம்பி4 கோப்பாகப் பதியும் கேமராவைத் தேடுங்கள். சிஎக்ஸ்405 போன்றவை உயர்தரப் பதிவோடு சேர்த்துச் சிறிய எம்பி4 ஒன்றையும் அதே நேரத்தில் எழுதும். விடிந்ததும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். அரிதாரம் கலைக்கும்போதே தங்கள் ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்க இளைய நடிகர்களுக்கு அவ்வளவு ஆவல்.